குச்சியைத் தாண்டாத மலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சுகம். நீங்கள் மூவரும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். கைக்குழந்தையோடு மகளை இங்கே கொண்டுவந்து விட நீங்கள் தயங்குவதாகக் கேள்வி. உங்கள் அத்தை போனில் எதையோ உளறியிருக்கிறாள். உள்ளதை நானே சொல்லிவிடுகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் உரத்தொழிற்சாலையின் கழிவுமலையைப் பார்த்திருக்கிறீர்கள். பாறையை அமிலத்தில் கரைத்து உரத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சும் வெள்ளைச் சேற்றை வருடக்கணக்காக அங்கேதான் கொட்டுகிறார்கள். அது நகர்கிறது என்பது அத்தையின் கட்சி. துணி காயப்போடும் கம்பத்தைக் காணோம், வாஸ்தவம். கொடியில் கிடந்த என் சட்டையும் கம்பத்தோடு போயிற்று. அடுப்படி ஜன்னலில் வெயிலே வருவதில்லை. வெளுத்த ஒரு வெளிச்சம் வந்து, சமைக்கிறவள் முகத்தைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் காட்டுகிறது. பின்கதவைத் திறந்தால் பாதியில் எதுவோ தடுக்கிறது, நான் தள்ளினால் அதுவும் மெதுவாகத் தள்ளுகிறது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது மலைக்குள்ளிருந்து யாரோ மிடறு விழுங்கும் சத்தம் வரும். பேச்சை நிறுத்தினால் அதுவும் நிறுத்திவிடும். பக்கத்து வீட்டுத் தையல்காரர் கதவைக்கூடப் பூட்டாமல் குடும்பத்தோடு போய்விட்டார். அவர் எப்போதுமே அவசரக்காரர்.

இதற்கெல்லாம் மிரண்டால் குடும்பம் நடத்த முடியுமா? அளவு பார்க்கும் இன்ஜினியர் மலையடியில் வரிசையாகச் சிவப்புக் குச்சிகள் நட்டுவிட்டுப் போனார். "பெரியவரே, மலை இந்தக் குச்சியைத் தாண்டாத வரைக்கும் நிம்மதியா தூங்குங்க. தாண்டினா அன்னைக்கே சொல்லுங்க, எல்லாரையும் வெளியேத்திடுவோம்" என்றார். தினமும் போய்ப் பார்க்கிறேன். இன்றுவரை ஒரு குச்சியைக்கூடத் தாண்டவில்லை. அத்தைதான், "குச்சிய விட்டுட்டு ஒரு தடவை மலையப் பாருங்க"ங்கிறாள். இவளோட யார் மல்லுக்கு நிக்கிறது. எனக்கும் உள்ளூர உதறல்தான், பொய் சொல்லமாட்டேன். ஆனா படிச்சவர் ஒரு கணக்கு வச்சுட்டுப் போயிருக்காரே.

ஆகவே தைரியமாகக் கூட்டி வாருங்கள். பின்னறையைப் பெருக்கி, தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டிவிட்டேன். பேரனுக்கு என் முத்தம், உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: வரும்போது கனமான சுத்தியல் ஒன்று கொண்டு வாருங்கள். சேறு அடிக்கடி குச்சிகளை மூடிவிடுகிறது. இன்ஜினியர் நட்டதாயிற்றே என்று நான்தான் தோண்டி எடுத்து, சுத்தமாகத் துடைத்து, மறுபடி மலைக்கு முன்னால் வரிசை பிசகாமல் நட்டு வைக்கிறேன். இன்று வெளியே நட இடமில்லை. பின்னறையில், தொட்டில் கொக்கிக்கு நேர் கீழே நட்டுக்கொண்டிருக்கிறேன். சிமெண்டுத் தரை, குச்சி இறங்க மாட்டேன் என்கிறது.