மச்சானை முந்த ஒரு சிவப்பு ஃபில்டர்

இந்த வருஷம் மச்சானை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று ஆம்ப்ரோஸ் தீர்மானம் செய்தார். ஞாயிற்றுக்கிழமை பூசையில், பிரசங்கத்துக்கு நடுவில் செய்தார். சாமியார் அன்பைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்.

மச்சான் என்றால் அவர் மனைவி அல்போன்சம்மாளின் தம்பி பெர்னார்ட். சாங்கிக் கடற்கரையில் அடுத்தடுத்து இரண்டு விடுமுறை விடுதிகள். ஒன்றில் ஆம்ப்ரோஸுக்கு வேலை, மற்றதில் பெர்னார்டுக்கு. ஆளுக்கொரு மூன்று சக்கர வண்டி. பானை மாதிரி பெருத்த டயர். மணல், சேறு, புல் எதிலும் ஓடும். இரண்டும் ஒரே ஜப்பான் கம்பெனி, ஒரே இஞ்சின். காலையில் கரையில் ஒதுங்கிய குப்பையை இழுக்கும். சாயங்காலம் நாற்காலிகளைச் சுமக்கும். வருஷத்துக்கு ஒரு தரம், இரண்டு விடுதியும் சேர்ந்து நடத்துகிற குடும்ப தினத்தில் பந்தயம் ஓடும்.

போன வருஷம் பெர்னார்ட் ஜெயித்தான். அதற்கு முந்தின வருஷமும் அவனேதான்.

பெர்னார்ட் ஒல்லி. ஆம்ப்ரோஸ் ஒல்லி இல்லை. ஆனால் அவர் கட்சி வேறு. "எல்லாம் இஞ்சினுக்கு மூச்சு முட்டறதுதான்" என்பார்.

அந்த மூச்சு முட்டலுக்கு மருந்து ஜாலான் புசார் பக்கம் ரவூபின் உதிரிபாகக் கடையில் கிடைத்தது. இஞ்சினுக்குள் போகிற காற்றை வடிகட்டும் சிவப்பு ஃபில்டர். அதிரசம் அளவு. வண்டிக் கம்பெனி செய்ததில்லை, வெளியார் சரக்கு.

"அண்ணே, கம்பெனி ஃபில்டர்ல ஓட்டுறது மூக்கைத் துணியால கட்டிக்கிட்டு ஓடுற மாதிரி" என்றான் ரவூப். "இது துணியை அவுத்துவிட்ட மாதிரி."

"வேகம் கூடுமா?"

"எவ்வளவு காத்து உள்ள போகுதோ அவ்வளவு பவர் லா. அமெரிக்காக்காரன் பாலைவனத்துல இதைத்தான் மாட்டுறான்."

"நீ பாத்தியா?"

"டப்பாவுல படம் போட்டிருக்கே."

ஆம்ப்ரோஸ் டப்பாவைப் பார்த்தார். ஒரு வெள்ளைக்காரன் மணல்மேட்டிலிருந்து ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்தான். அவனும் அப்படி ஒன்றும் ஒல்லி இல்லை. வாங்கிவிட்டார்.

ஃபேரர் பார்க்கில் அவர்கள் வீடு. அல்போன்சம்மாள் காலாங்கில் ரேடியோ தொழிற்சாலையில் சோதனைப் பிரிவு. செய்து முடித்த ரேடியோக்களைத் திருகிப் பார்த்து, நல்லதற்குப் பச்சை, கெட்டதற்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது வேலை. பழக்கதோஷம், தேக்கா மார்க்கெட்டில் கத்தரிக்காயையும் அப்படித்தான் பார்ப்பாள். புருஷனையும் அப்படித்தான்.

"இது என்ன, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சா?"

"ஏர் ஃபில்டர். தொடாதே."

"பழசு கெட்டுப்போச்சா?"

"கெடலை."

"அப்புறம் எதுக்கு?"

"பழசு நல்லாருக்கு. இது பிரமாதமா இருக்கும்."

"வண்டி செஞ்ச ஜப்பான்காரனுக்கு இது தெரியாதா?"

"அவன் ஊருக்கெல்லாம் பொதுவா செய்யறான். எனக்குன்னு செய்யலை."

அவள் அவரை மேலிருந்து கீழ்வரை ஒரு தரம் பார்த்தாள். "உங்களுக்குன்னு செய்யறதா இருந்தா சீட்டையில்ல அகலமாக்கணும்."

ஆம்ப்ரோஸ் அடுத்த நாளே பழைய சாம்பல் நிற ஃபில்டரைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கடியில் போட்டார். வண்டிக்குள் சிவப்பு ஏறியது. அன்று முதல் சாப்பாட்டு நேரமெல்லாம் வண்டிப் புராணம்தான். திங்கட்கிழமை வண்டி குதிரை. செவ்வாய்க்கிழமை சிறுத்தை. அந்த வாரத்துக்குள் மிருகங்கள் தீர்ந்துபோய் ராக்கெட்டுக்கு வந்துவிட்டார்.

"அப்படியா" என்று மட்டும் சொல்லி அல்போன்சம்மாள் ரசம் ஊற்றினாள். "சனிக்கிழமை எனக்கு லீவு. சாப்பாடு கொண்டுவரேன். ஓட்டிக் காட்டுங்க."

சனிக்கிழமை மத்தியானம் அடுக்குக் கேரியரோடு சாங்கி பஸ்ஸில் வந்து இறங்கினாள். ஆம்ப்ரோஸுக்கு ஏக சந்தோஷம். வண்டியைத் தென்னை நிழலில் நிறுத்தி, சீட்டைத் தூக்கி, ஃபில்டர் பெட்டியைத் திறந்து, சிவப்பு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று காட்டினார். ரெண்டே கிளிப்தான், குழந்தைகூடக் கழற்றி மாட்டலாம் என்றும் பெருமையாகச் சொன்னார்.

"சரி, போய்க் கை கழுவிட்டு வாங்க" என்றாள்.

மீன் குழம்பு. நன்றாகச் சாப்பிட்டார். பிறகு வண்டியில் ஏறிக் கிளம்பினார். கரையோரமாகப் படகுத்துறைவரை போய் மணலை வாரி இறைத்துத் திரும்பினார். தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தியா?"

"பாத்தேன். இழுவை எப்படி?"

"கேக்காதே. பழைய ஃபில்டரா இருந்தா அந்தத் துறைகிட்ட மூச்சு வாங்கும். இப்ப தொட்டா பறக்குது. இன்னிக்கு வழக்கத்தைவிட ஜாஸ்தி."

"நல்லா யோசிச்சுச் சொல்றீங்களா?"

"ஓட்டுறவன் நானா நீயா? என் முதுகெலும்புக்குத் தெரியுது."

அல்போன்சம்மாள் கேரியரின் அடித்தட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். உள்ளே சிவப்பு ஃபில்டர்.

ஆம்ப்ரோஸ் அதைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார்.

"பழசைக் கட்டிலுக்கடியிலேருந்து எடுத்தாந்தேன்" என்றாள் அவள். "நீங்க கை கழுவப் போனப்ப மாத்திட்டேன். ரெண்டே கிளிப்தான்."

"அப்ப, இப்ப பறந்தது?"

"உங்க வாய்."

ஆம்ப்ரோஸ் சீட்டைத் தூக்கி ஃபில்டர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"இஞ்சின் பழகிடுச்சும்மா" என்றார் ஆம்ப்ரோஸ். "சிவப்பு போட்டு ஓட்டின பழக்கத்துல, எடுத்தப்புறமும் அப்படியே ஓடுது."

"ஒரு வடிகட்டியை நம்பி வடிகட்டின…" என்று ஆரம்பித்த அல்போன்சம்மாள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். "வேணாம். புருஷனாப் போயிட்டீங்க."

பிறகு தன் வெள்ளைக் கைக்குட்டையை விரித்துக் காட்டினாள். அதில் மாவு மாதிரி பொடி மண். "மாத்தறதுக்கு முந்தி பெட்டிக்குள்ள துடைச்சேன். ஃபில்டருக்கு உள்பக்கம். உங்க சிவப்பு காத்தை மட்டும் விடலை, கடற்கரையையே உள்ள கூப்பிட்டிருக்கு. இப்படியே ஓட்டினா வண்டி இரும ஆரம்பிச்சுடும். நல்லாத் துடைச்சிட்டேன். பழசோடயே ஓட்டுங்க. போதும்."

இன்னொருவராக இருந்தால் அதோடு விட்டிருப்பார். ஆம்ப்ரோஸுக்கும் முதலில் வெட்கமாகத்தான் இருந்தது. அவள் பஸ் ஏறிப் போனபிறகு, 'இரும ஆரம்பிச்சுடும்' என்ற வார்த்தை அவர் மனசில் மெதுவாக உருள ஆரம்பித்தது. தன் வண்டி இருமினால்தான் கஷ்டம். மச்சான் வண்டி இருமினால்?

பெரிய கேடு ஒன்றும் இல்லை, ஒரு சின்ன இருமல்தானே, பந்தயம் முடிந்ததும் தானே போய்த் துடைத்துக் கொடுத்துவிடலாம் என்று தனக்குத் தானே பாவமன்னிப்பும் கொடுத்துக்கொண்டார்.

மறுநாள் பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெர்னார்டைப் பிடித்தார். சிவப்பு ஃபில்டரைப் பளபளவென்று துடைத்துப் பழைய டப்பாவிலேயே போட்டிருந்தார்.

"தம்பி, இது உனக்கு."

பெர்னார்ட் டப்பாவைத் திறந்தான். "அத்தான், இதை ரவூப் கடையில பாத்திருக்கேன். எனக்கா?"

"உனக்குத்தான். மாட்டி தினம் ஓட்டு. நல்லாப் பழகணும்."

"பந்தயத்துல உங்களுக்கு வேணாமா?"

"ஜெயிக்கிறதா முக்கியம்? குடும்பம்தானே முக்கியம்" என்றார் ஆம்ப்ரோஸ். நல்லவராக இருப்பது இவ்வளவு சுலபமா என்று அவருக்கே ஆச்சரியம். கொஞ்சம் தள்ளி அல்போன்சம்மாள் யாரோடோ பேசிக்கொண்டு நின்றாள். இந்தப் பக்கம் அவள் திரும்பவே இல்லை. அதனால் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

குடும்ப தினம் வந்தது. கரையில் கொடி நட்டு, கயிறு கட்டி, இரண்டு விடுதிக்காரர்களும் பிள்ளைகுட்டிகளோடு கூடியிருந்தார்கள். விசில் ஊதியதும் வண்டியில் ஏறுகிற அவசரத்தில் பெர்னார்டுக்குக் கால் வழுக்கிற்று. ஆம்ப்ரோஸ் முந்திக்கொண்டார். நிஜமாகவே முந்திக்கொண்டார். பாதித் தூரம்வரை அவர் முன்னால் கடலும் ஆகாயமும்தான் இருந்தன.

அத்தோடு நேரே பார்த்து ஓட்டியிருக்கலாம். ஆனால் அவர் காது பின்னால் இருந்தது. எந்த நிமிஷமும் இருமல் கேட்க வேண்டுமே. கேட்கவில்லை. ஒருவேளை காற்றில் கேட்கவில்லையோ என்று தலையைத் திருப்பினார். பெர்னார்ட் வண்டி வீணை மாதிரி பாடிக்கொண்டு வந்தது. இன்னும் கொஞ்சம் கழுத்தை நீட்டி உற்றுக் கேட்டார். அதற்குள் முன் சக்கரம் யாரோ ஒரு பிள்ளை கட்டி வைத்திருந்த மணல் கோட்டைக்குள் புகுந்து, அகழி தாண்டி, அரண்மனையில் நின்றுவிட்டது. பெர்னார்ட் பக்கத்தில் கையாட்டிக்கொண்டே போனான்.

கரைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, ஆம்ப்ரோஸ் முதலில் கேட்ட கேள்வி இதுதான்: "தம்பி, அந்த ஃபில்டர்?"

"மாட்டலை அத்தான்" என்றான் பெர்னார்ட். "கோயில்லேருந்து வரும்போதே அக்கா சொல்லிட்டாங்க. அத்தான் ஆசையாக் குடுத்தது, மண்ணுல போட்டு வீணாக்காதே, வீட்டு ஷோகேஸ்ல வையின்னு. வந்தவங்களுக்கெல்லாம் காட்டறேன். எங்க அத்தான் மாதிரி உண்டான்னு சொல்லுவேன்."

ஆம்ப்ரோஸ் அல்போன்சம்மாளைப் பார்த்தார். அவள் அவர் சட்டையிலிருந்து அரண்மனை மணலைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாதிவரை நல்லா ஓட்டினீங்க" என்றாள், சின்னக் குரலில். "பழைய ஃபில்டரோடதான்."

பெர்னார்ட் ஓடிப்போய், தான் ஜெயித்த பரிசைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஆளுயர மின்விசிறி. அதை ஆம்ப்ரோஸின் கையில் வைத்தான்.

"அத்தான், இது உங்களுக்கு. நீங்க எனக்குச் செஞ்சதுக்கு நான் வேற எப்படி நன்றி சொல்றது?"

ஆம்ப்ரோஸ் வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"வாங்கிக்குங்க" என்றாள் அல்போன்சம்மாள். "இவன் நிஜமாவே ஆசையாத்தான் குடுக்கிறான்."