நாங்கள் திருடிய மணியை நீங்கள் திருடலாமா?

மரியாதைக்குரிய மச்சான் லெஸ்டர் அவர்களுக்கு,

டில்ஃபோர்டிலிருந்து ஆர்வில் எழுதுவது. இங்கே நானும் என் மனைவி ஆர்டித்தும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. அங்கே நீங்களும் என் தங்கை நோரீனும் மாடுகளும் நலம் என்று நம்புகிறேன். உங்கள் ஊரின் நலத்தை விசாரிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

மச்சான், பட்டப்பகலில் இப்படியும் செய்வார்களா? சனிக்கிழமை நடந்ததை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் முன்னோர்கள் உங்கள் ராக் பெண்டுக்கு வந்து, உங்கள் முன்னோர்கள் சர்ச் விருந்தில் கோழி தின்றுகொண்டிருந்த நேரம் பார்த்து, நீதிமன்றக் கட்டடத்தையே மணியோடு உருளைக்கட்டைமேல் ஏற்றி இழுத்து வந்தார்கள். அதனால்தான் டில்ஃபோர்ட் மாவட்டத் தலைநகரானது. அது சரித்திரம். திருட்டு என்று எங்கள் ஊரில் யாரும் சொல்வதில்லை. பிற்பாடு தகராறு வரக்கூடாதென்று, நீதிமன்ற மணி எங்கே அடிக்கிறதோ அங்கேதான் மாவட்ட நீதிமன்றம் என்று விதியும் எழுதிவைத்தார்கள். மணியை யார் தொடப்போகிறார்கள் என்ற தைரியத்தில் அந்த விதியை இன்றுவரை யாரும் மாற்றவில்லை.

வருஷாவருஷம் ஸ்தாபகர் தினத்தன்று அட்டையில் செய்த நீதிமன்றத்தை டிராக்டரில் உங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து மறுபடி ‘திருடிக்கொண்டு’ திரும்புவோம், நீங்கள் ரோட்டோரம் நின்று ஊளையிடுவீர்கள், அதுதானே வழக்கம். இந்த வருஷம் விழாத் தலைவர் நான். தத்ரூபமாக இருக்கட்டுமே என்று நீதிமன்றக் கோபுரத்து மணியையே இறக்கி அட்டைக் கட்டடத்துக்குள் தொங்கவிட்டேன். ஆர்டித் தலையிலடித்துக்கொண்டாள், நான் கேட்கவில்லை. உங்கள் ஊரிலோ ஊளையையே காணோம். “வாங்க மச்சான், சாப்பிட்டுட்டுத் திருடுங்க” என்று நீங்களே என் கையைப் பிடித்து சர்ச்சுக்குள் அழைத்துப் போனீர்கள். பொரித்த கோழி, ஆப்பிள் பலகாரம். எங்கள் ஷெரீஃப் இரண்டாவது தட்டும் கேட்டு வாங்கினார். வெளியே வந்தால் டிராக்டர் இருக்கிறது, அட்டை இருக்கிறது, மணியைக் காணோம். நாங்கள் செய்த அதே வேலை, அதே கோழி!

வருகிற திங்கட்கிழமை நீதிமன்றம் கூட வேண்டும். நீதிபதி ஹாலோரனிடம் போய் நின்றேன். விதியை எடுத்துப் படித்துவிட்டு, “மணி எங்க அடிக்குதோ அங்க வந்து உக்காருறேன் ஆர்வில். ராக் பெண்டுன்னா ராக் பெண்டு” என்றார். நீதிமன்றம் போய்விட்டால் எங்கள் ஊரில் மிச்சம் ஒரு தண்ணீர்த்தொட்டி, புல்தரையில் ஒரு பழைய பீரங்கி, அப்புறம் நான். அந்த பீரங்கியை என் பக்கம் திருப்பி வைக்கலாமா என்று பேசுகிறார்களாம். காபிக்கடையில் என் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுவிட்டார்கள்.

என் தங்கையை உங்கள் ஊருக்குக் கொடுத்தவன் நான். அவள் முகத்துக்காகவாவது மணியைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். கறவை குறையாமல், ஆலங்கட்டி மழை உங்கள் சோளத்தைத் தொடாமல் கடவுள் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
தலைகாட்ட முடியாத மச்சான்,
ஆர்வில்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் அடித்துவிடுங்கள். உறையை ஒட்டப்போகும்போது நோரீன் மணியோடு வந்து இறங்கினாள். சிரிப்பை அடக்க முடியாமல், “துலக்கிக் கொண்டாந்திருக்கோம் அண்ணே, உள்பக்கம் பாருங்க” என்றாள். பார்த்தேன். ‘ராக் பெண்ட் பள்ளிக்கூடம்’ என்று வார்த்திருக்கிறது. அந்தக் காலத்தில் நாங்கள் வருவது தெரிந்து உங்கள் முன்னோர்கள் முன்கூட்டியே மணியை மாற்றிவிட்டார்களாமே! கொலை வழக்கைக்கூட இத்தனை காலமும் சாப்பாட்டு மணி அடித்துத்தான் விசாரித்தோமா? அப்படியானால் அசல் மணி எங்கே என்று கேட்டேன். “எங்க மாட்டுக்கொட்டகையிலதான். தினமும் மாட்டைக் கூப்பிட அதைத்தானே அடிக்கிறேன்” என்கிறாள். மச்சான், உங்கள் காலில் விழுகிறேன். திங்கட்கிழமை மட்டும் அவள் மாடுகளை வாயாலேயே கூப்பிடட்டும். ஹாலோரனுக்குக் காது கூர்மை. விதி என்றால் கொட்டகையிலும் வந்து உட்கார்ந்துவிடுவார்.