மீதி வந்தால்தான் ஆள் வருவார்

ஆள் மறைந்துவிட்டார். கைதட்டலும் அடங்கிவிட்டது. மீதிப் பணம்தான் இன்னும் வரவில்லை.

மேஜிக்காரர் பெட்டிக் கதவைத் திறந்து காட்டினார். உள்ளே கறுப்புத் துணியைத் தவிர ஒன்றுமில்லை. கோலால் நாலு பக்கமும் தட்டிக் காட்டிவிட்டுக் கதவைச் சாத்தித் திரையை இழுத்தார். இனி மந்திரம் சொல்லி ஆளை வரவழைக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை இருந்தது. மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்த மேனேஜரிடம் குனிந்து, "சார், அந்த மூணாவது தவணை" என்றார்.

இது அவர் மனைவி போட்ட சட்டம். மேஜிக்காரர் கைவித்தையில் சூரர், கை நீட்டுவதில் கோழை. ஒரு பிறந்தநாள் வீட்டில் "மீதி நாளைக்கு" என்றார்கள். அந்த நாளை இன்னும் விடியவில்லை. இன்னொரு வீட்டில் மீதிக்குப் பதிலாக மிச்சமிருந்த கேக்கைக் கட்டிக் கொடுத்தார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் பாராட்டுப் பத்திரம் தந்தார்கள், அதுவும் வேறு யார் பேரிலோ. இதையெல்லாம் பார்த்துச் சலித்த மனைவி, புக்கிங் போனைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். தேதி வேண்டுமானால் மூன்றில் ஒரு பங்கு. அது எக்காரணம் கொண்டும் திரும்பாது. மேடையில் சாமான் இறங்குமுன் இன்னொரு பங்கு. மூன்றாவது பங்கை எப்போது கேட்பது என்பதில்தான் அவர் மூளை வேலை செய்தது. கடைசி ஐட்டத்துக்கு முன்னால் கேட்டால், "முழுசா பாத்துட்டுத் தர்றோமே" என்பார்கள். பிறகு கேட்டால் ஆளே இருக்கமாட்டார்கள்.

"ஆளை மறைய வெச்ச பிறகு கேளுங்க, திரும்ப வர வைக்கறதுக்கு முன்னாடி" என்றார் மனைவி. "யாரா இருந்தாலும் வீட்டு மனுஷனைப் பாதியில விட்டுட்டுப் போகமாட்டாங்க."

இந்தத் தடவையும் மீதி இல்லாமல் வந்தால் மந்திரக்கோலை மூட்டை கட்டிவிட்டுத் தன் அண்ணனின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கப் போகவேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார். மச்சான் ஏற்கெனவே ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டிருப்பதாகக் கேள்வி.

மேனேஜர் ஐஸ்கிரீம் கரண்டியை நக்கிவிட்டு நிதானமாகச் சொன்னார். "பணமெல்லாம் அக்கவுண்டன்ட் சார் பொறுப்பு. அவர்கிட்ட கேளுங்க."

"அவர் எங்கே சார்?"

மேனேஜர் முகவாயால் மேடையைக் காட்டினார்.

மேஜிக்காரர் திரும்பிப் பெட்டியைப் பார்த்தார். ஒரு குழாய்க் கம்பெனியின் ஆண்டு விழா அது. யாராவது ஒருவர் மேடைக்கு வாருங்கள் என்று அவர் அழைத்தபோது, சேல்ஸ், ஸ்டோர்ஸ், டெலிவரி என்று அத்தனை பிரிவும் ஒரே குரலில் கத்தியது ஒருவரைத்தான். மூன்றாம் வரிசையில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்த ஒல்லியான மனிதரை நாலு பேர் ஏறக்குறையத் தூக்கிக்கொண்டே வந்து மேடையில் ஏற்றினார்கள். எவ்வளவு செல்வாக்கான மனிதர் என்று மேஜிக்காரர் நினைத்துக்கொண்டார். அவர் கணக்கு அதிகாரி என்பதை யாரும் சொல்லவில்லை. பையும் அவரோடு பெட்டிக்குள் போயிருந்தது.

மேஜிக்காரர் மேடையேறி, வாயிலிருந்து கலர் ரிப்பனை இழுக்கத் தொடங்கினார். ஒரு கை இழுத்துக்கொண்டிருக்க, மறுகையால் போனை எடுத்துத் திரைக்குப் பின்னால் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். வாயில் ரிப்பன் இருந்ததால் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதியே மனைவிக்குப் போதுமானதாக இருந்தது.

"பணம் வெச்சிருக்கிறவரையே பெட்டியில போட்டீங்களா?"

"தெரியாமப் போட்டுட்டேன்."

"போட்டது போட்டதாவே இருக்கட்டும். வாங்காம திறக்காதீங்க. இன்னிக்கு ஒருத்தருக்கு விட்டுக் குடுத்தா நாளைக்கு ஊரே கேக்கும்."

போன் வைக்கப்பட்டது.

பெட்டி சக்கரம் வைத்த ஒரு பீடத்தின் மேல் நின்றது. மறைகிறவர் அந்தப் பீடத்துக்குள் இருக்கும் குழியில்தான் சுருண்டு படுத்திருப்பார். பின்பக்கம் காற்றுக்காகத் துளைகள் உண்டு. மேஜிக்காரர் பாட்டைச் சத்தமாக வைத்துவிட்டு, செருப்பு வாரைச் சரிசெய்கிற பாவனையில் அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"சார், மீதிப் பணம் உங்ககிட்ட இருக்காமே."

"இருக்கு" என்றது பீடம். குரலில் பதற்றமே இல்லை. "நிகழ்ச்சி முடிஞ்சதும் தருவேன்."

"எங்க ரூல்படி இப்ப குடுத்தாத்தான் சார் நான் உங்களை வெளியே கொண்டு வர முடியும்."

"எங்க ரூல்படி வேலை முடிஞ்சாத்தான் பணம். ஒருத்தன் காணாமப் போறது பாதி வேலை. திரும்பி வந்தாத்தான் முழு வேலை."

இரண்டு சட்டங்களும் முட்டிக்கொண்டு நின்றன. உங்களுக்குக் கால் வலிக்குமே என்று மேஜிக்காரர் நயமாகச் சொல்லிப் பார்த்தார். தன் ஆபீஸ் அறை இதைவிடச் சின்னது என்று பதில் வந்தது. கூடவே, நிகழ்ச்சி தாமதமானால் அதற்காக மீதிப் பணத்தில் ஒரு கழிவு உண்டு என்றும், இப்போதிலிருந்தே அது ஓட ஆரம்பித்துவிட்டது என்றும் பீடம் தெரிவித்தது.

மேஜிக்காரர் எழுந்து இரண்டு புறாக்களைப் பறக்கவிட்டார். ஒன்று திரும்பி வந்தது. மற்றொன்று மின்விசிறிக்கு மேலே உட்கார்ந்துகொண்டு கூட்டத்தைப் பார்த்தது. அதைக் கூப்பிடுவதற்குள் கழிவு எவ்வளவு ஏறியிருக்குமோ என்ற கவலையில், புறாவை விட்டுவிட்டு மறுபடி குந்தினார்.

இந்தத் தடவை இறங்கி வந்தார். பணம் இப்போது வேண்டாம்; பாக்கி இருக்கிறது என்று ரசீதில் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், அதை நம்பித் திறந்துவிடுகிறேன் என்றார். மனைவியிடம் காட்ட ஒரு காகிதமாவது இருக்குமே. ரசீதைச் சுருட்டித் துளை வழியாக உள்ளே விட்டார். பேனாவையும் விட்டார். பிறகு ரசீது அப்படியே திரும்பி வந்தது.

"போட முடியாது."

"ஏன் சார்?"

"முந்நூறு பேர் முன்னால நீங்க என்னை மறைய வெச்சிருக்கீங்க. இந்த நேரத்துல நான் எங்கேயும் இல்லை. இல்லாத ஆள் போட்ட கையெழுத்து தணிக்கையில நிக்காது."

பேனா திரும்பி வரவே இல்லை.

மேஜிக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. முகத்தில் பூசியிருந்த பவுடர் கழுத்துக்கு இறங்கியது. எப்படியோ முடித்துவிட்டுப் போனால் போதும் என்று மேனேஜரிடம் வந்து, மீதியில் பாதியைத் தள்ளிவிடுகிறேன், உங்கள் கையிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு ஆபீசில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். மேனேஜர் ஒருமாதிரிச் சிரித்தார். போன ஆண்டு விழாவுக்குப் பலூன் வாங்கியது அவர் கைக்காசில்தான் என்றும், அதற்கு அக்கவுண்டன்ட் சார் இன்றுவரை விளக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்றும் சொன்னார்.

"நீங்க எதுக்கு எங்களுக்காகக் குறைக்கணும்? உழைக்கிற மனுஷன். அவசரமே இல்லை, நிதானமா பண்ணுங்க."

வாடிக்கையாளர் ஒருவர் தள்ளுபடியை மறுத்து அவர் பார்த்ததே இல்லை. பெரிய மனசு என்று நினைத்தார். ஆனால் பெரிய மனசை வைத்துக்கொண்டு மனைவியிடம் என்ன சொல்வது?

சுற்றிலும் பார்த்தார். யாருக்கும் அவசரம் இருப்பதாகத் தெரியவில்லை. சிலர் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டு அரட்டையில் இறங்கியிருந்தார்கள். டெலிவரிப் பிரிவு இரண்டாம் ரவுண்டு ஐஸ்கிரீமுக்குச் சொல்லி அனுப்பியிருந்தது. ஒரு மூலையில் நாலைந்து பேர் பாட்டுக்கு ஆடவே தொடங்கிவிட்டார்கள். தன் நிகழ்ச்சி கையை விட்டுப் போகிறது என்று மேஜிக்காரருக்குப் புரிந்தது. இனி ஒளிவுமறைவு உதவாது. மைக்கை எடுத்தார்.

மறைந்தவரை வரவழைப்பதில் ஒரு சின்னத் தடங்கல் இருப்பதாகவும், மாய உலகத்துக்கு ஒரு கட்டணம் பாக்கி இருப்பதாகவும், அது வராவிட்டால் அவர் அங்கேயே தங்கிவிடக்கூடும் என்றும் நாசூக்காகச் சொன்னார்.

அரங்கமே எழுந்து கைதட்டியது. விசில் கூட வந்தது. இதையும் வேடிக்கை என்று எடுத்துக்கொண்டுவிட்டார்களே என்று மேஜிக்காரர் நொந்துபோனார்.

ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி மட்டும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்தார். "ஒரு ஆள் அதுக்குள்ள எவ்வளவு நேரம் இருக்கலாம்?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

ஒருவருக்காவது கவலை இருக்கிறதே என்று மேஜிக்காரருக்கு ஆறுதலாக இருந்தது. பயப்பட வேண்டாம், காற்றோட்டம் உண்டு, அடியில் மெத்தை உண்டு, வேன் பழுதான ஒரு நாளில் நானே இதற்குள் தூங்கியிருக்கிறேன், விடிந்தபோது முதுகு கூட வலிக்கவில்லை என்று தேற்றினார். பெண்மணி தலையாட்டிவிட்டுப் போய் மேனேஜரின் காதில் ஏதோ சொன்னார். மேனேஜர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது.

பிறகு நடந்ததை மேஜிக்காரர் தன் தொழிலில் கண்டதில்லை. காலி ஐஸ்கிரீம் டப்பா ஒன்று கை மாறிப் போக ஆரம்பித்தது. ஒவ்வொருவரும் பர்ஸைத் திறந்தார்கள். டப்பா கடந்து போன பிறகு சிலர் ஓடிப்போய் இன்னும் கொஞ்சம் போட்டார்கள். டெலிவரிப் பையன்கள் பக்கத்திலிருந்தவர்களிடம் கடன் வாங்கிப் போட்டார்கள். ஒரு வயதான மெக்கானிக் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். மனுஷன் என்றால் இப்படி மனிதர்களைச் சம்பாதிக்க வேண்டும் என்று மேஜிக்காரர் நினைத்தார். தான் பெட்டிக்குள் மாட்டிக்கொண்டால் மச்சான் ஒரு ஆணி கூடப் போடமாட்டார்.

மேனேஜரே டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் வைத்தார். அவர் கண்கள் கூடக் கலங்கியிருந்தன.

"எல்லாரும் மனசாரப் போட்டிருக்காங்க. பாத்துச் செய்ங்க."

பணம் மீதிக்கு மேலேயே இருந்தது. மேஜிக்காரர் கூடுதலை எடுத்து நீட்டினார். மேனேஜர் இரண்டு கையாலும் தடுத்து, "இருக்கட்டும், இருக்கட்டும்" என்று பின்வாங்கினார்.

இத்தனை அன்புக்கு ஈடாகத் தன் வாழ்க்கையிலேயே சிறந்த மந்திரத்தைப் போட்டுவிடுவது என்று மேஜிக்காரர் முடிவு செய்தார். விளக்குகளை அணைக்கச் சொன்னார். புகை விட்டார். பெட்டியை ஏழு சுற்றுச் சுற்றினார். உள்ளே பை உருளும் சத்தம் கேட்டது. மைக்கில், "உங்கள் அன்பே இவரை மீட்டது" என்று சொல்லித் திரையைச் சடாரென்று விலக்கினார்.

கணக்கு அதிகாரி நின்றுகொண்டிருந்தார். தலைமுடி கலைந்திருந்தது. பை கையிலிருந்தது. பேனா சட்டைப் பையிலிருந்தது.

ஒருவரும் கைதட்டவில்லை. மின்விசிறிக்கு மேலிருந்த புறா இறக்கையை அடித்துக்கொண்ட சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. உணர்ச்சிப் பெருக்கில் வாயடைத்துப் போயிருக்கிறார்கள் என்று மேஜிக்காரர் கணித்தார். கணக்கு அதிகாரி கூட்டத்தை ஒரு தடவை மேய்ந்துவிட்டு, ஐஸ்கிரீம் இரண்டாம் ரவுண்டுக்கு அனுமதி கொடுத்தது யார் என்று கேட்டார். நாற்காலிகள் ஒவ்வொன்றாக வரிசைக்குத் திரும்பின. ஆடிக்கொண்டிருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் கலைந்துபோனார்கள். போகும்போது மேனேஜர் மேஜிக்காரரைப் பார்த்த பார்வை ஒரு தினுசாக இருந்தது.

மேஜிக்காரர் வேனில் சாமானை ஏற்றிக்கொண்டே மனைவிக்குப் போன் செய்தார். முழு மீதியும் வந்தது, மேலேயும் வந்தது என்றார். "நான் சொல்லலை? வீட்டு மனுஷனைப் பாதியில விடமாட்டாங்கன்னு" என்றார் மனைவி. வரும் வழியில் அண்ணன் கடைக்குப் போய், அந்த ஸ்டூலை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லிவிட்டு வரும்படியும் சொன்னார்.

மேஜிக்காரருக்கு நெஞ்சு நிறைந்திருந்தது. அரங்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்த ஆபீஸ் ஆயாவிடம் பேச்சுக் கொடுத்தார். எத்தனையோ கம்பெனிகளுக்குப் போயிருக்கிறேன், ஒரு அதிகாரி திரும்பி வருவதற்காக ஊழியர்கள் கைக்காசைப் போட்டதை இங்கேதான் பார்த்தேன் என்றார்.

ஆயா துடைப்பத்தை நிறுத்திவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"வெளியே விடறதுக்கு யாருங்க காசு குடுப்பா? ரெண்டு நாளைக்காவது உள்ளயே வெச்சிருப்பீங்கன்னுதானே நானும் என் பங்கைப் போட்டேன்."