டாப்-அப்பில் ஒரு புல்லட்

கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் ஒரு தடவையாவது செண்பகவல்லியை ஏமாற்றிவிட வேண்டும் என்று பேச்சிராஜா தீர்மானித்தபோது, ஒரு லிஃப்டின் தலைமேல் கிரீஸ் கையோடு நின்றுகொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிட்டுத் தான் மட்டும் படியிறங்கிப் போய் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர். அவருக்கு ஒரு புல்லட் வேண்டும். கறுப்பு. அது வருகிற சத்தத்தில் அவர் குடியிருக்கிற செம்பூரே திரும்பிப் பார்க்க வேண்டும்.

வழியும் இருந்தது. வீட்டுக் கடனை வட்டி குறைந்த வேறொரு பேங்குக்கு மாற்றினால், கூடவே டாப்-அப் என்று கையில் கொஞ்சம் பணம் தருவார்கள். ஆனால் வீடு இரண்டு பேர் பெயரிலும் இருக்கிறது. நோட்டரி முன்னால் நின்று செண்பகவல்லியும் கையெழுத்துப் போட வேண்டும். அவளோ கூரியர் ஆபீசில் ரசீது எழுதுகிறவள். மசாலாப் பாக்கெட்டில் இருக்கிற பொடி எழுத்தைக்கூடப் படித்துவிட்டுத்தான் பிரிப்பாள்.

"வட்டி குறையுதுல்லா, அதுக்கு நோட்டரிட்ட ஒரு சின்ன பேப்பர்," என்றார் பேச்சிராஜா. டாப்-அப் என்ற சொல்லை மட்டும் எச்சிலோடு விழுங்கிவிட்டார்.

"எத்தன பக்கம்?"

"நாலே நாலு. படிக்கதுக்கு ஒண்ணுமில்ல."

"சரிங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

பதினேழு வருஷத்தில் அவள் இப்படிச் சொன்னதே இல்லை. அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம்தான் வந்தது.

குர்லா கோர்ட்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் வடாபாவ் வண்டிக்கும் நடுவில் நோட்டரி சாயிரா மேடத்தின் மேஜை. கடையநல்லூர்க்காரர். கறுப்புக் கோட்டு, கறாரான குரல்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரியாம இங்க யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. நான் சத்தமா வாசிக்கேன், ரெண்டு பேரும் கேளுங்க."

பேச்சிராஜா அவசரமாகக் கையை உயர்த்தினார். வாசித்தால் டாப்-அப் வெளியே வந்துவிடும்!

"வேண்டாம் மேடம்! பூரா படிச்சாச்சு. மனப்பாடம்."

"நீங்கம்மா?"

"நானும் படிச்சிட்டேன் மேடம்," என்றாள் செண்பகவல்லி, கூசாமல்.

புருஷனை நம்பிப் பொய் சொல்கிறாளே! இப்படிப்பட்டவளையா ஏமாற்றுகிறோம் என்று பேச்சிராஜா நினைத்தார். புல்லட்டையும் நினைத்தார். மனசு தேறிவிட்டது.

செண்பகவல்லி நாலு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜையில் வைத்தாள். "இதையும் சேத்துக்கோங்க மேடம். பேங்க்ல கேட்டாங்க."

சாயிரா மேடம் அதைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு மேலாகப் பேச்சிராஜாவைப் பார்த்தார். "இது நீங்க போட வேண்டிய கையெழுத்து சார். இதையாவது வாசிக்கட்டுமா?"

ஒன்றை வாசிக்க ஆரம்பித்தால் எல்லாவற்றையும் வாசிப்பார். "அர்ரே, எதுக்கு மேடம்! எல்லாம் தெரிஞ்சதுதான்."

"கடைசியா கேக்கேன். முழுசாச் சம்மதமா?"

"ஏக்தம் சம்மதம்! சீலக் குத்துங்க."

படிக்காமலே கையெழுத்தும் போட்டார். மேடம் சீல் குத்தினார். பதிவேட்டில் நம்பர் ஏறியது. பேச்சிராஜாவின் கட்டை விரலில் மை ஏறியது.

வெளியே வந்து வெற்றிக் களிப்பில் டீக்கடையில் இரண்டு கட்டிங் சாய் வாங்கினார். பாதி குடித்த பிறகுதான் கேட்கத் தோன்றியது.

"அது என்ன தாளு?"

"போன வாரம் பேங்க்லருந்து எனக்கு போன் வந்துச்சு. 'டாப்-அப் பணம் எதுக்குன்னு உங்க வீட்டுக்காரர் எழுதவே இல்லியே மேடம்'னு கேட்டான்."

சாய் புரையேறியது. "ஒனக்கு எதுக்குப் போன் பண்ணுதான்?"

"வீட்டுல பாதி எம் பேருல்லா? அன்னைக்கே நீங்க குளிக்கப் போனப்ப உங்க பையிலருந்து நாலு பக்கத்தையும் எடுத்துப் படிச்சேன். அதான் எதுக்குன்னு எழுதிக் கொண்டாந்தேன். அடுக்களைக்குப் புது மேடை, பாத்ரூமுக்கு வழுக்காத டைல்ஸ். பணத்த மேஸ்திரிக்கே நேரா அனுப்பணும். நோட்டரி முன்னால நீங்களே உறுதி சொல்லியிருக்கீய."

பேச்சிராஜா கோபப்படப் பார்த்தார். வட்டி குறைந்தது நிஜம். அந்தப் பாத்ரூமில் இரண்டு தடவை வழுக்கி விழுந்ததும் அவர்தான். சாய்கூட நன்றாகத்தான் இருந்தது. கோபம் கூப்பிட்டும் வரவில்லை.

"அப்ப என் புல்லட்டு?" என்றார், பாவமாக.

செண்பகவல்லி கடைசி மடக்கைக் குடித்துவிட்டு கிளாஸை வைத்தாள்.

"அதுக்குத் தனியா ஒரு பேப்பர் அடிச்சுக் கொண்டாங்க. படிச்சுப் பாத்துட்டுச் சொல்லுதேன்."