டாக்டரம்மாவுக்கு நான் செய்த உதவி

பத்தாங்கிளாஸ் அறிவியல் பேப்பரில் என் பெயரைத் தவிர எதையும் சரியாக எழுதாதவன் நான். அப்பேர்ப்பட்டவன் ஒருநாள் டாக்டருக்கே உதவி செய்யக் கிளம்பினேன். (யாரும் கூப்பிடவில்லை.)

ஆமத்தூர் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குப் பெட்டி ஒட்டும் வேலை. என் அம்மாவுக்கு வெடிக்குச் சணல் சுற்றும் வேலை. அந்த வாரம் இரண்டு தடவை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், “ஒரு டீயக் குடிச்சா சரியாப் போகும்லே” என்பாள். நல்லவேளை, கம்பெனி சாப்பாட்டுக் கூடத்துக்கே ஒரு டாக்டரம்மா முகாம் போட வந்தார். எப்படியாவது அம்மாவை அவர் முன்னால் உட்கார வைத்துவிட வேண்டும்.

டாக்டரம்மா தங்கமானவர். ஆனால், “ரத்த நாளங்களின் நெகிழ்வுத்தன்மை குறையும்போது…” என்று அவர் ஆரம்பித்ததும் எதிரே உட்கார்ந்திருந்த முப்பது பெண்களும் ஒன்றாகக் கொட்டாவி விட்டார்கள்.

“ஏலே, என்னதாம்லே சொல்றாக?” என்றாள் அம்மா.

நான் எழுந்தேன். “அது ஒண்ணுமில்லம்மா. உடம்புக்குள்ள ரத்தக்குழாய் இருக்குல்ல? அது நம்ம வெடி மாதிரிதான். உள்ள அழுத்தம் ஏறிக்கிட்டே போச்சுன்னா, ஒருநாள் டமார்!”

கொட்டாவி நின்றது. அம்மா முகம் வெளிறி, தானாகவே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டரம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். (அந்த ஒரு நிமிடம் நான் எம்.பி.பி.எஸ்.)

அம்மாவின் கையில் பி.பி. பட்டையைக் கட்டி, ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கிக் காற்றடித்தார்.

“இறுக்குதே தாயி…” என்றாள் அம்மா.

டாக்டரம்மா பந்திலிருந்த திருகைத் தளர்த்தினார். காற்று ‘உஸ்ஸ்ஸ்’ என்று இறங்கியது.

எங்கள் கம்பெனியில் ‘உஸ்’ கேட்டால் யோசிக்கக் கூடாது, ஓட வேண்டும். வேலைக்குச் சேரும் அன்றே மண்டையில் ஏற்றிவிடுவார்கள். முப்பது பேரும் இரண்டு வாசல் வழியாகவும் பறந்தார்கள். போர்மேன் அண்ணாச்சி மணல் வாளியைத் தூக்கி டாக்டரம்மாவின் மேசைமேல் கவிழ்த்தார். எல்லோருக்கும் முன்னால் ஓடியது அம்மாதான். கையில் பட்டை, பட்டையில் குழாய், குழாயின் நுனியில் தரையில் குதித்துக் குதித்து வரும் பி.பி. மெஷின். அதற்கும் பின்னால் டாக்டரம்மா.

கம்பெனி கேட்டுக்கு வெளியேதான் அம்மாவைப் பிடிக்க முடிந்தது.

“நாம்பாட்டுக்குச் சணலச் சுத்திக்கிட்டு இருந்தேன். வெடிக்க வைக்கப் பாத்தியேலே!” என்று அம்மா என் முதுகில் ஒன்று வைத்தாள். வரவே மாட்டேன் என்றாள்.

வேறு வழியில்லாமல் நானே கையை நீட்டினேன். ‘உஸ்ஸ்ஸ்.’ அண்ணாச்சி மட்டும் இரண்டடி பின்னால் போனார். நான் முழுசாக இருந்தேன்.

“இவனே வெடிக்கல. எனக்கும் கட்டுங்க தாயி.”

டாக்டரம்மா அம்மாவை அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்த்தார். அதிகம். ஓடியதால் இருக்குமோ என்று அடுத்த வாரம் வந்தும் பார்த்தார். அப்போதும் அதிகம். தினமும் மாத்திரை, உப்பு கம்மி, ஊறுகாய் கூடவே கூடாது என்றவர், என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். “தம்பி, நீங்க பெட்டியே ஒட்டுங்க.”

அம்மா ஒருநாள்கூட மாத்திரையை விடுவதில்லை. கிறுகிறுப்பும் போய்விட்டது. ஆனால் வீட்டுக்கு யார் வந்தாலும், முக்கியமாக எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று பார்க்க வருகிறவர்களிடம், காபி டம்ளரை நீட்டிக்கொண்டே சொல்வாள்:

“நல்லாத்தான் இருந்தேன். இந்தப் பய வெளக்கம் சொன்னான் பாருங்க, அன்னைக்குப் பிடிச்சதுதான் இந்த பி.பி.!”