உலகம் சுற்ற உதயகுமார் எடுத்த பயிற்சி

"நான் உலகத்தைச் சுத்திப் பாக்கப் போறேன்!" என்று உதயகுமார் அறிவித்தபோது மனைவி துளசி இட்லி மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி நிற்கவே இல்லை.

"போய்ட்டு வாங்க. எத்தினி நாளு?"

"ஆறு மாசம். கம்பெனியில சம்பளமில்லா லீவு வாங்கிட்டேன்."

"நல்லதாப் போச்சு."

உதயகுமாருக்குச் சப்பென்று ஆகிவிட்டது. சண்டை வரும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்த வசனமெல்லாம் வீண்.

ஆசை இன்றைக்கு முளைத்ததல்ல. சின்ன வயதில் கைலாசநாதர் கோயில் புல்தரையில், பெரிய பெரிய முதுகுப்பைகளோடு வெள்ளைக்காரர்கள் உட்கார்ந்து வாழைப்பழம் தின்பார்கள். இவன் 'ஹலோ ஹலோ' என்று அவர்கள் பின்னாலேயே சுற்றுவான். ஒருநாள் ஒருவர் தன் பையை இவன் முதுகில் மாட்டிவிட்டார். மல்லாக்க விழுந்தான். விழுந்த இடத்திலிருந்து அன்று பார்த்த வானம் எவ்வளவு பெரிசு! இப்போது கம்பெனி பஸ் ஜன்னலில் அதில் கால்வாசிகூடத் தெரிவதில்லை.

இதையெல்லாம் அவன் சொல்லி முடித்தபோது துளசியின் கரண்டி நின்றிருந்தது.

"எங்க தாமல் ஏரிக்கும் எங்கெங்கயோ இருந்து பறவைங்க வருங்க. ஸ்கூல் விட்டதும் கரை மேல நின்னு பாப்பேன். ஒருநாள் எல்லாம் கிளம்பிப் போயிடும். எனக்கு அழுகையா வரும்."

கணவனைப் பிரியும் துக்கம் என்று உதயகுமார் நினைத்துக்கொண்டான். பாவம்.

"ஆனா ஒண்ணுங்க. அங்க யாரு உங்களுக்கு ஆக்கிப் போடுவா?"

"கத்துக்கறேன்."

மறுநாளே பயிற்சி ஆரம்பம். வழிக்குக் கெடாது என்று முதல் பாடம் கோயில் இட்லி. மந்தாரை இலை விரித்து, மூங்கில் குடலையில் மாவு ஊற்றி வேகவைத்தான். பக்கத்து வீட்டு நெசவாளர் குப்புசாமி ஒரு விள்ளல் கடித்துப் பார்த்தார்.

"குடுப்பா, தறியில பாரத்துக்குக் கட்டிக்கறேன்."

அப்புறம் துணி துவைத்தல். ராஜாஜி மார்க்கெட்டில் பேரம். பாரம் தூக்கிப் பழக, யுகேஜி படிக்கும் மகள் புவனாவை முதுகில் சுமந்து பள்ளிக்கூடம் வரை நடை.

"இன்னாப்பா உதயா, ஃபாரின் போறேன்னுட்டு பாத்திரம் தேய்ச்சிக்கினு இருக்கிற?" என்று குப்புசாமி எட்டிப் பார்த்தார்.

"ட்ரெய்னிங்ணா."

"அப்பிடியே எங்கூட்டுக்கும் வந்து ட்ரெய்னிங் எடேன்!"

உதயகுமார் அசரவில்லை. இட்லி பஞ்சாக வந்தது. அம்மா ரசத்தைவிட அப்பா ரசம்தான் பிடிக்கும் என்று புவனா சொன்னாள். இரட்டைப் பின்னல்கூடக் கோணாமல் வந்துவிட்டது.

"துளசி, நான் ரெடி!" என்றான் ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"அப்பாடா!" என்றாள் அவள்.

திங்கட்கிழமை காலை வாசலில் கார் நின்றது. புதுச் சுடிதாரில் துளசி பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"எங்க கிளம்பிட்ட?"

"மலேசியா. எங்கக்கா எத்தினி வருசமா கூப்புடுறா! அங்கருந்து ரெண்டு பேரும் சிங்கப்பூரு, தாய்லாந்து… அப்புறம் பாத்துக்கலாம்."

"அப்ப நான்?"

"ஊட்டை நம்பி உட்டுட்டுப் போவ ஒரு ஆளு தேறணுமேன்னுதாங்க இத்தினி நாளா காத்துக்கினு இருந்தேன். கவலைப்படாதீங்க, உங்க லீவு முடியறதுக்குள்ள வந்துடுவேன்!"

மகளுக்கு முத்தம் கொடுத்துவிட்டுக் காரில் ஏறினாள். சிரித்துக்கொண்டே அவள் கையாட்டிய அழகில், கல்யாணமான புதிதில் பார்த்த துளசி தெரிந்தாள். உதயகுமாரும் தன்னை மறந்து கையாட்டினான்.

கார் தெருமுனையில் திரும்பி மறைந்தது. புவனா அவன் லுங்கியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா, இன்னிக்கி டிபனுக்கு இன்னா?"