ஒற்றைக் கெளுத்தி விருந்து

காசு கொடுத்து மீன் வாங்குவதைக் கேவலமாகவும், அதைப்போலப் பத்து மடங்கு செலவழித்துப் பிடிப்பதைக் கௌரவமாகவும் நினைத்த ஒரே மனிதர் எங்கள் தக்கை அண்ணன்தான். அருப்புக்கோட்டைத் தறிநூல் கடையில் எனக்கு அடுத்த மேஜை. தண்ணீரில் மிதக்கும் தூண்டில் தக்கையையே பார்த்துக் கிடப்பதால் அந்தப் பெயர்.

எங்கள் சீமையில் கண்மாயில் தண்ணீர் நிற்பதே வருஷத்தில் நாலு மாதம். மீதி எட்டு மாதமும் அண்ணன் சாமான் சேர்ப்பார். மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, முள் எல்லாம் சேர்த்து ஐந்து ரூபாய். அதில் மண்புழு மாட்டினால் ஏழைத் தூண்டிலாம். மைதா உருண்டையில் நெய் சேர்த்தால் நடுத்தரம். மெட்ராஸிலிருந்து முந்நூறு ரூபாய்க்கு வரவழைத்த ரீல் தூண்டில்தான் உயர்ந்த ஜாதி.

“மார்க்கெட்டுல கிலோ பதினஞ்சு ரூவாதாண்ணே,” என்றேன் ஒருமுறை.

“ஏலே, அது வாங்குன மீனு. என் மீனு கிலோ எரநூறு. எது ஒசத்தி?”

இப்படிப்பட்டவரின் மகள் செல்விக்குத் தாமிரபரணிக் கரையில் மாப்பிள்ளை பார்த்தார்கள். செல்விக்குப் பையனை ரொம்பப் பிடித்துவிட்டது. பேச்சோடு பேச்சாகப் பையனின் அப்பா, “உங்க பக்கம் மீனுன்னா கருவாடுதானே அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டார்.

அண்ணனுக்குச் சுருக்கென்றது. “ஞாயித்துக்கெழம கை நனைக்க வாங்க. எங்க கம்மா விரால என் கையால பிடிச்சுப் போடுறேன்.”

பெண் வீட்டில் கை நனைத்தால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். அண்ணன் நாலு நாள் லீவு போட்டார். வேடிக்கை பார்க்க நானும் போட்டேன்.

திருச்சுழி போகிற வழியில் ஒரு கண்மாய். முதல் நாள் மண்புழுவைக் கவ்வி, கம்போடு இழுத்துப் போனது ஓர் ஆமை. மறுநாள் நெய் உருண்டையை நண்டுகள் தின்று தீர்த்தன. மூன்றாம் நாள் ரீல் தூண்டிலை வீசினார். முள் தண்ணீரைத் தாண்டி அக்கரைச் சீமைக்கருவேலத்தில் மாட்டியது. இழுத்த இழுப்பில் நரம்பு அறுந்தது.

சனிக்கிழமை, “நம்ம ஊரு நூல மிஞ்சுன நரம்பு ஒலகத்துல உண்டா?” என்று கடையின் சிவப்பு நூலை நாலு புரி முறுக்கிக் கட்டினார். சாயம் கரைந்து, கரையோரத் தண்ணீர் தக்காளி ரசமாயிற்று. நான் சிரித்துவிட்டேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

“செல்வி என்னைய நம்பியிருக்காடா,” என்றார்.

சாயங்காலம் குருட்டாம்போக்கில் ஒரு கெளுத்தி கடித்தது. ஒரு சாண் நீளம்.

“மார்க்கெட்டுல வாங்கி, நீங்க பிடிச்சதுன்னு சொல்லிருவோங்க,” என்று அண்ணி கெஞ்சினார். அண்ணன் மசியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏழு விருந்தாளிகள், ஒரு கெளுத்தி. அண்ணன் கைகூப்பி நின்றார். “நாலு நாளு, நானூறு ரூவா செலவு. மாட்டுனது இது ஒண்ணுதான். பொய் சொல்லிப் பந்தி போட மனசு வரல.”

செல்வி அடுக்களைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பையனின் அப்பா மீனையே பார்த்தார்.

“எங்க ஆத்துல துண்ட விரிச்சா மீனு வந்து விழும் அண்ணாச்சி. அதான் எங்களுக்கு அதோட அருமை தெரியல. சொன்ன சொல்லுக்காக நாலு நாளு வெயில்ல காஞ்ச மனுசன் மக எங்க வீட்டுக்கு வரணும்.”

சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார். மீனைப் பாதியாகப் பிய்த்து, “இத மருமகளுக்குக் குடுங்க,” என்றார்.

அண்ணன் சபையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவு பெருமையை ஒரு முகத்தில் நான் அதற்கு முன்பு கண்டதில்லை. என் இலைக்கு வெறும் குழம்புதான் வந்தது. மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.